ஸ்காட்லாந்துக்காரருக்கு என் வாய்

எனக்குச் சக்களத்தி என்று யாரும் வந்ததில்லை. வந்திருந்தால் கொண்டையைப் பிடித்து உலுக்கி அனுப்பியிருப்பேன். எனக்கு வந்தது ஒரு ஆண்பிள்ளை. அதுவும் செத்துப்போன ஆண்பிள்ளை. அதுவும் ஸ்காட்லாந்துக்காரர். அந்த ஆளைப் பார்த்து நான் பட்ட வயிற்றெரிச்சல் இருக்கிறதே, அப்பப்பா! நிஜமாகவே ஒரு சக்களத்தி வந்திருந்தால்கூட அவ்வளவு பட்டிருக்க மாட்டேன்.

கள்ளக்குறிச்சியில் கரியாலூர் பஸ் திரும்புகிற முனையில் எங்கள் கடை இருந்தது. முன்பாதியில் என் வீட்டுக்காரர் படம் வரைவார். பின்பாதியில், ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டி, நான் ரவிக்கை தைப்பேன். டிஜிட்டல் போர்டெல்லாம் வராத காலம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கருமாதிக்குள் இறந்தவரின் படம் சுவரில் ஏறியாக வேண்டும். ரேஷன் கார்டில் இருக்கும் போட்டோவோ, யாரோ கல்யாணத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற போட்டோவோ கொண்டுவருவார்கள். இவர் அந்தத் தலையை மட்டும் எடுத்து, கட்டம் போட்டு, மையும் கரித்தூளுமாகப் பெரிதாக்கிக் கொடுப்பார். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டுகிற குடும்பமும் வரும், கரியாலூர் மலையிலிருந்து இறங்கியவர்களும் வருவார்கள். கைராசிக்காரர் என்று பேர். சாவுக்கு வரைகிறவருக்கு என்ன ராசியோ, அப்படித்தான் சொல்வார்கள்.

போட்டோ அழிந்துபோயிருந்தால் ரத்த சொந்தத்தைக் கூட்டிவரச் சொல்வார். "மூக்கு யாருக்கு வந்திருக்குது?" என்று கேட்பார். எனக்கு, உனக்கு என்று அந்தக் குடும்பமே சண்டை போட்டு, கடைசியில் ஒருவரை முன்னால் தள்ளும். மகனிடம் மூக்கை எடுப்பார், தங்கையிடம் கண்ணை எடுப்பார். எல்லாம் சேர்ந்து படமாகும்போது, வந்தவர்கள் ஓவென்று அழுதால்தான் அவருக்குத் திருப்தி. அழாமல் "நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு முழுக்க உர்ரென்று இருப்பார்.

நான் அப்போது கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதும்தான். எலவனாசூர்கோட்டையில் என் பிறந்த வீட்டில் எப்படிப் பேசினோமோ அப்படியே எழுதினேன். வூடு என்றால் வூடு, இன்னா என்றால் இன்னா. பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். போன வேகத்தில் திரும்பி வரும். "பேச்சு வழக்கை நீக்கி, நல்ல தமிழில் எழுதி அனுப்பவும்" என்று ஒருவர் புத்தி சொல்லியிருந்தார். நல்ல தமிழாம்! அப்போது என்னைப் பெற்றவள் பேசியது கெட்ட தமிழா? அந்த ஆள் மட்டும் எதிரே இருந்திருந்தால் கத்தரிக்கோலாலேயே பேசியிருப்பேன்.

ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்களிடம் படித்துக் காட்டுவேன். சிரிப்பார்கள். சிலர், "இன்னொருவாட்டி சொல்லுக்கா" என்பார்கள். ஆனால் தெருவில் பார்த்தால் "ரவிக்கை தைக்கிற அம்மா போவுது" என்பதுதான். அது போகட்டும். ஊர் எப்படியும் சொல்லட்டும். என் வீட்டுக்காரர் ஒருமுறையாவது என்னைக் கவிதை எழுதுகிறவள் என்று சொல்ல வேண்டும், என் முகத்தை ஒரு படமாகப் போட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? "என்னையும் ஒரு படம் போடுங்க. கவிதயோட சேத்து அனுப்பறேன்" என்று கேட்கும்போதெல்லாம், "பாக்கலாம்" என்பார். கவிதையைப் படித்தால் "உம்" என்பார். கல்யாணமானதிலிருந்து அந்தப் பாக்கலாமும் உம்மும்தான் எனக்குக் கிடைத்தவை.

இப்படி இருக்கையில்தான் ஒரு பேராசிரியர் வந்தார். கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறவர். ஊரில் சில பேர் சேர்ந்து மாதாமாதம் இலக்கியக் கூட்டம் நடத்துவார்கள், அதில் இவர்தான் முக்கியஸ்தர். அடுத்த கூட்டம் ஒரு ஸ்காட்லாந்துக் கவிஞரைப் பற்றி என்றும், மேடையில் வைக்க அவருடைய பெரிய படம் ஒன்று வேண்டும் என்றும் சொன்னார். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள்.

"யாருங்க சார் இவரு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

பேராசிரியர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அந்த நாட்டு மக்களுக்கு என்று ஒரு பேச்சு இருந்ததாம். மேலே இங்கிலீஷ் ஏறி உட்கார்ந்ததில் அது அமுங்கிப்போனதாம். பள்ளிக்கூடத்தில் பேசினால் அடி, நாலு பேர் நடுவில் பேசினால் கேலி. வயல்காட்டிலும் அடுப்பங்கரையிலும் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்த அந்தப் பேச்சை எடுத்து, இந்த மனுஷன் கவிதை எழுதினாராம். அதன் பிறகு கேலி செய்தவர்களே அதைத் தேடிப் படித்தார்களாம்.

திரைக்குப் பின்னால் என் தையல் மெஷின் நின்றுபோயிருந்தது. ஊசியில் நூல் அறுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

பேராசிரியர் போனதும் என் வீட்டுக்காரர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

"இந்தா, கேட்டியா? இன்னா மனுஷன்! வூட்டுல பேசற பேச்சுல கவித எழுதியே நிமித்திட்டாராமே!"

"ஓகோ."

"தில்லு வேணும்ல அதுக்கு?"

"ஏங்க, இங்க ஒருத்தி அதத்தான வருஷக்கணக்கா பண்ணிக்கினு இருக்கறா. கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

அவர் ஜெராக்ஸ் தாளைச் சுருட்டிக்கொண்டே, "அது வேற, இது வேற" என்றார்.

"இன்னா வேற?"

"அவரு கவிஞரு."

கையிலிருந்த ரவிக்கைத் துணியை அவர் மேலேயே வீசினேன். அவர் அதை மடித்து மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம். திருப்பி ஒரு வார்த்தை திட்டமாட்டார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. சாவுப் படம் என்றால் ஒரே மூச்சில் முடிக்கிறவர், அந்த ஆளின் நெற்றிக்கு மட்டும் அப்படி உழைத்தார். ஒவ்வொரு சுருக்கமாகப் போட்டு, தள்ளி நின்று பார்த்து, கரித்தூளை விரலால் தடவி, மறுபடி தள்ளி நின்றார். சோறு ஆறிப்போகும். "வரேன், வரேன்" என்பார், வரமாட்டார். என் நெற்றியில் எத்தனை சுருக்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியுமா இந்த மனுஷனுக்கு? நான் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றால், "கொஞ்சம் நவுரு, வெளிச்சத்த மறைக்கற" என்றார். கட்டையில் போக என்று வாய்வரை வந்தது. அந்த ஆள்தான் ஏற்கனவே போய்விட்டாரே என்று அடக்கிக்கொண்டேன்.

கண் வந்தது, மூக்கு வந்தது. வாய் வரவில்லை. ஜெராக்ஸில் மூக்குக்குக் கீழே ஒரே கறுப்பு. பேராசிரியரிடம் வேறு படமும் இல்லை. இவர் வழக்கப்படி யோசித்தார்.

"சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா குந்தவெச்சி எடுத்துடலாம்."

"ஆமா, ஸ்காட்லாந்துக்குச் சொல்லி அனுப்புங்க. கரியாலூர் பஸ்ஸ புடிச்சி வந்துடுவாங்க" என்றேன்.

பேராசிரியரையே உட்காரவைத்துப் பார்த்தார். அவர் வாய் நோட்ஸ் சொல்லி எழுதவைக்கிற வாய் என்று அழித்துவிட்டார். கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தார். அது பேசவே பேசாத வாய், அவருக்கே பிடிக்கவில்லை. படம் வாயில்லாமல் நின்றது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பேச்சைக் காப்பாற்றின மனுஷனுக்கு வாய் இல்லையாம், நல்லா வேணும் என்று நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் ஒரு பெண்ணுக்கு ஊக்கு வைத்துக்கொண்டே புதிதாக எழுதினதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் திரை விலகியிருந்தது. இவர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பெண் போனதும், "இந்தா, இங்க வந்து குந்து" என்றார்.

"எதுக்கு?"

"குந்து, வரையணும்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இருங்க என்று சொல்லிவிட்டு ஓடினேன். முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டை மாற்றி வைத்து, பக்கத்துப் பூக்கடையில் கனகாம்பரம் வாங்கி வைத்துக்கொண்டு வந்தேன். நல்ல புடவை கட்ட நேரமில்லையே என்று மட்டும் கொஞ்சம் வருத்தம். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்: "பூவெல்லாம் எதுக்கு? வாய் மட்டும் போதும்."

அப்போதுதான் பார்க்கிறேன். எதிரே புதுத் தாள் இல்லை. அந்த ஆள்தான் இருந்தார், மூக்கோடு நின்றுபோய்.

"யோவ்! என் வாயப் புடுங்கி அவனுக்கு வெக்கப் பாக்கறியா?"

"கத்தாத. நீ கவித சொல்லும்போது வாய் ஒருமாதிரி வருது. அது வேணும் எனக்கு. உன்னுது எதுனா சொல்லிக்கினே இரு."

எழுந்துபோயிருக்க வேண்டும். மானமுள்ளவள் போயிருப்பாள். ஆனால் உன் கவிதையைச் சொல்லு என்று அவர் கேட்பது அதுதான் முதல்தடவை. பூவை மட்டும் பிய்த்து எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். அதுவரை எழுதினதையெல்லாம் சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்து வரைந்தார். காதில் வாங்கினாரா, கண்ணில் மட்டும் வாங்கினாரா, அது எனக்குத் தெரியவில்லை. முடித்ததும் தள்ளி நின்று பார்த்தார். அந்த ஆள் பேச வாயெடுப்பது மாதிரி இருந்தார். கடங்காரன், என் வாய் அவருக்கு எனக்கு இருப்பதைவிடப் பொருத்தமாக இருந்தது.

கூட்டம் நூலகத்து ஹாலில். படத்தை மேஜை மேல் சாய்த்து வைத்து விளக்கேற்றினார்கள். பேராசிரியர் பேசும்போது, "அந்த வாயைப் பாருங்கள்! தன் மக்கள் பேச்சைப் பேசுகிற வாய் இப்படித்தான் இருக்கும்!" என்றார். கைதட்டினார்கள். என் வாய்க்கு. என் வீட்டுக்காரரை மேடைக்குக் கூப்பிட்டு அதற்குச் சால்வையும் போட்டார்கள். நான் ஐந்தாவது வரிசையில் என் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நம் வட்டாரப் பேச்சிலும் இப்படி எழுதுகிறவர்கள் யாராவது வர வேண்டும்" என்று பேராசிரியர் முடித்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இதோ சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் சால்வையின் ஜரிகையைத் தடவிக்கொண்டு குனிந்திருந்தார். பேராசிரியர் டீ வந்ததா என்று பார்க்க வெளியே போனார். எனக்கு வந்ததே ஆத்திரம். விடுவிடுவென்று நானே மேடையேறி மைக்கைப் பிடித்தேன். பேரும் சொல்லவில்லை, யார் எழுதினது என்றும் சொல்லவில்லை, எடுத்த எடுப்பில் ஆரம்பித்தேன்.

கரும்பு வெட்டப் போய்க்கினு இருந்தோம்,
மழ வந்து கத்தியக் கழுவிக் குடுத்துச்சு.
வயல்ல எறங்கத்தான் வழி இல்ல.
வூட்டுல அடுப்பு இன்னா பண்ணிக்கினு இருக்கும்?
எங்களப் போலவே குந்திக்கினு இருக்கும்.

அப்புறம் தட்டினார்கள் பாருங்கள், முன்னால் தட்டினதெல்லாம் ஒன்றுமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் வரிசையில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"இன்னா மனுஷன் இவரு! எங்கயோ சீமைல இருந்துக்கினு நம்ம கரும்பு வெட்டறவன் கஷ்டத்த எப்பிடி எழுதியிருக்காரு பாருங்க! அம்மா, நீங்களும் ரொம்ப நல்லா தமிழ்ல மாத்தியிருக்கீங்க."

ஆமாம் ஆமாம் என்று ஹால் முழுக்கத் தலையாட்டியது. இல்லைங்க, அது என்னோடது என்று வாயைத் திறப்பதற்குள் நன்றியுரை சொல்கிறவர் மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் முடித்ததும் நாட்டுப்பண் போட்டுவிட்டார்கள். என்ன செய்ய முடியும்? கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றேன். வாய் போயிற்று, பாட்டும் போயிற்று. இரண்டும் அந்த ஆளுக்கே.

கடைக்கு வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். "சால்வைய தடவிக்கினு குந்தியிருந்தியே, ஒரு வார்த்த சொன்னா உன் வாயில இருக்கற முத்து கொட்டிடுமா? எம் பொண்டாட்டிது அதுன்னு சொல்றதுக்கு அவ்ளோ வெக்கமா உனக்கு?"

"அத்தினி பேரு முன்னால எனக்கு நாக்கு எழும்பல."

"செத்தவனுக்கெல்லாம் பாத்துப் பாத்து வரையற. என்னிய வரையறதுக்கு மட்டும் கை வரல. நான் கவிஞரு இல்ல, அதான?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சால்வை நழுவிக் கரித்தூளில் விழுந்தது, எடுக்கவில்லை.

"நீ சொன்ன கவித எல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றார். "உம்முன்னு சொல்றது எனக்கு அவ்ளோதான் சொல்ல வரும். அவரு கவிஞருன்னு சொன்னேன், உன்ன இல்லன்னா சொன்னேன்?"

"அப்ப வரையறதுக்கு இன்னா கேடு?"

"எங் கைல வந்த மூஞ்சி ஒண்ணுகூட உயிரோட இல்ல." அழுதேவிட்டார். "உன் வாய எடுத்தேனே, அன்னிலருந்து உனக்கு ஒரு தும்மல் வந்தாகூட பயந்துகினுதான் இருக்கறேன்."

அந்த மனுஷன் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் கண்ணைத் துடைத்துவிட்டுச் சோறு போட்டிருப்பாள். எனக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனாலும் இத்தனை வருஷப் பாக்கலாம் சும்மா போகுமா?

"செத்தா சாவறேன். நீ வரை."

மறுநாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வரைய ஆரம்பித்தார். நடுவில் சாமி படத்துக்கு ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து வரைந்தார். படத்தில் இருந்தவளைப் பார்த்து நானே கொஞ்சம் மலைத்துப்போனேன். நிமிர்ந்த கழுத்து, கூர்மையான கண், எதையோ சொல்லத் திறந்த வாய். அவள் ரவிக்கை தைக்கிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மை காயட்டும் என்று இவர் வழக்கப்படி கடை முகப்பில் ரோட்டைப் பார்த்து மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த ஆணியில் தொங்குகிற படம் என்றால் என்ன அர்த்தம் என்று மலை வரைக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும்தான் அன்றைக்கு அது தோன்றவில்லை.

நான் திரைக்குப் பின்னால் மெஷினில் உட்கார்ந்தேன். கரியாலூர் பஸ் வந்து திரும்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பூக்கடை வாசலில் ஒரு பெண் குரல். மலைக்காரப் பெண்.

"ஏங்க, இந்தப் பாட்டு எழுதற அம்மா எப்பங்க தவறினாங்க?"

"யாரு?" என்றார் பூக்கடைக்காரர்.

"பாட்டு எழுதற அம்மாங்க. தோ, படம் மாட்டியிருக்காங்களே. போன பொங்கலுக்கு ரவிக்கை தைக்க வந்தப்ப எனக்குப் பாடிக் காட்டினாங்க. எங்க ஊர்ல நாங்க களை புடுங்கறப்ப அதத்தான் சொல்லிக்கினு இருப்போம். அய்யோ, மகராசி, பொசுக்குன்னு போயிட்டாங்களே! ஒரு மாலை குடுங்க."

என் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. பாட்டு எழுதுகிற அம்மா. என் வாழ்நாளில் என்னை அப்படி ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. இப்போதும் என்னையா சொன்னார்கள்? அந்தப் படத்தில் இருக்கிறவளை அல்லவா சொன்னார்கள்! நேற்றுவரை அந்தச் சீமைக்காரர், இன்றைக்கு இவள். மை காய்வதற்குள் பேரும் அவளுக்கு, அழுகையும் அவளுக்கு, மாலையும் அவளுக்கா?

திரையைப் பிடித்து இழுத்த வேகத்தில் கயிறே அறுந்துவிட்டது. அந்தப் பெண் அழுதுகொண்டே படத்துக்கு மாலை போடக் கையைத் தூக்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் "ஆத்தாடீ!" என்று அலறி மாலையை நழுவவிட்டாள். அது கீழே விழுவதற்குள் எட்டிப் பிடித்து அவள் கையிலேயே திரும்பக் கொடுத்தேன்.

"அவளுக்கு வேணாம். இங்க போடுங்க" என்று கழுத்தை நீட்டினேன்.

அவள் பேந்தப் பேந்த விழித்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் போட்டுவிட்டாள்.